‘ஊரில நெட் சரியில்லை’ எண்டு சொல்ல முதல்



இந்த வாரப் பொட்காஸ்டில் வீட்டு வைஃபை பற்றிக் கதைத்தோம். நேரம் போதவில்லை, அதனால் மிச்சத்தை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். வாசிக்கப் பத்து நிமிடம். கடைசியில் இருக்கிற பட்டியலைச் செய்து முடிக்க அரை மணித்தியாலம்.

எங்கட வீடுகளில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு வசனம் இருக்கிறது. அம்மம்மாவோடு வீடியோ கோல் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அவவின்ர முகம் சதுரம் சதுரமாக உடையும். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்கும். பிறகு எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். உடனே இங்கே ஆராவது சொல்லுவினம்: “ஊரில நெட் சரியில்லை.”

சில நேரம் அது உண்மை. ஆனால் பல நேரம் பிழை யாழ்ப்பாணத்தில் இல்லை. உங்கள் ரீவிக்குப் பின்னால், தூசி பிடித்தபடி, பச்சை லைட்டோடு இருக்கிற பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டி எந்த நேரமும் இரண்டு முடிவுகளை எடுத்துக்கொண்டே இருக்கிறது. யாரை உள்ளே விடுவது? உள்ளே வந்தவர்களில் யாரை முதலில் விடுவது? நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது தன்பாட்டில் முடிவெடுக்கும். அந்த முடிவில் அம்மம்மாவுக்கென்று தனி இடம் ஒன்றும் கிடையாது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நாங்கள் பொதுவாக ‘ரவுட்டர்’ என்று சொல்கிற பெட்டிக்குள் பல வேலைகள் நடக்கின்றன. வெளி லைனைப் பிடிப்பது மோடம். வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் வழிகாட்டுவது ரவுட்டர். உங்கள் ஃபோனோடு காற்றில் கதைப்பது அக்சஸ் பாயிண்ட். இன்று பெரும்பாலும் மூன்றும் ஒரே பெட்டியில் வருகின்றன. ஆனால் சிக்கல் எந்தப் பகுதியில் என்று தெரிந்தால்தான் திருத்தலாம்.

தூரம் முதலே தன் பங்கை எடுத்துவிடும்

ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் ஓடும். அதாவது ஒரு தடையும் இல்லாமல் நேராகப் போனாலே 70 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள் ஒருநாளும் நேராகப் போவதில்லை, அதனால் உண்மையில் இன்னும் கூட. லண்டனில் இருந்து என்றால் சுமார் 8,500 கிலோமீற்றர், குறைந்தது 42 மில்லிசெக்கன்.

தொலைபேசி உரையாடலுக்கு எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதற்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 என்ற பரிந்துரை இருக்கிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 400ஐத் தாண்டக்கூடாது. நடுவில் இருக்கிற இடம்தான் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்: “ஹலோ... சொல்லுங்கோ... இல்லை, நீங்க சொல்லுங்கோ... ஹலோ?”

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. பக்கத்துத் தெரு நண்பனோடு கோல் எடுத்தால் உங்களிடம் 100 மில்லிசெக்கனுக்கு மேல் மிச்சம் இருக்கும். வீட்டு வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் தெரியாது. ஊருக்கு எடுக்கும்போது தூரமே அந்த மிச்சத்தில் பெரும்பங்கை எடுத்துவிடும். அதே வைஃபை, அதே தடுமாற்றம், ஆனால் இப்போது கோல் உடையும். நண்பனோடு நல்லாக இருந்தது, ஊருக்கு மட்டும் சரியில்லை. அப்ப பிழை ஊரில்தானே? இல்லை. தூரமான கோலுக்கு உங்கள் வீடு இன்னும் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே காற்று, நாலு வரிசை

வைஃபையில் ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கதைக்கலாம். ஃபோன், லப்டொப், ரீவி, பக்கத்து வீட்டின் ரவுட்டர் எல்லாம் அதே காற்றைத்தான் பகிர்கின்றன. யாரும் கைகாட்டி அழைப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் முதலில் காதுகொடுத்துக் கேட்கும். அமைதி என்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்துவிட்டுக் கதைக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில் பாதி, குலுக்கல் மாதிரி.

வீட்டில் சொந்தக்காரர் கூடியிருக்கும்போது நடப்பதும் இதுதான். ஆராவது முடித்து ஒரு சின்ன அமைதி வந்தால் அடுத்தவர் வாய் திறப்பார். சிலர் கனநேரம் பொறுக்கமாட்டினம். அவைதான் எப்பவும் முதல் கதைப்பினம்.

அந்தப் பொறுமையின் அளவை வேண்டுமென்றே மாற்றினால் முன்னுரிமை வந்துவிடும். அதுதான் டபிள்யூஎம்எம், விரித்துச் சொன்னால் வைஃபை மல்டிமீடியா. 2004இல் வைஃபை அலையன்ஸ் இதற்குச் சான்றளிக்கத் தொடங்கியது. தரவு நாலு வரிசையாகப் பிரியும்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி.

வழக்கமான எண்கள் இப்படி. காத்திருக்கும் நேரம் சின்னச் சின்னத் துண்டுகளாக எண்ணப்படும். இன்றைய வைஃபையில் ஒரு துண்டு 9 மைக்ரோசெக்கன். உங்கள் ஃபோனில் குரலும் வீடியோவும் 2 துண்டு பொறுக்கும். சாதாரணத் தரவு 3, பின்னணி 7. அதற்கு மேல் குலுக்கல்: குரல் 0 முதல் 3 வரை ஓர் எண்ணை எடுக்கும். வீடியோ 0 முதல் 7 வரை. மற்ற இரண்டும் 0 முதல் 15 வரை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்து மோதிவிட்டால் குலுக்கல் வட்டம் பெரிதாகும். சாதாரணத் தரவுக்கு அது 1,023 வரை போகலாம். குரலுக்கு 7ஐத் தாண்டாது.

இதில் கவனிக்க வேண்டியது: இது உத்தரவாதம் இல்லை, வாய்ப்புத்தான். குரல் எப்போதும் வெல்லும் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் வெல்லும். அது போதும், ஏனென்றால் குரல் சின்னது. ஒரு கோலில் வழக்கமாக 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி, செக்கனுக்கு 50 பொதி, ஒவ்வொன்றும் குட்டி. அதற்குத் தேவை அகலமான ரோட்டு இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேருவது. பிந்தி வந்த குரல் பொதி, பஸ் போன பிறகு வந்த ஆள் மாதிரி. வந்தும் பிரயோசனம் இல்லை.

“டபிள்யூஎம்எம்மை நிப்பாட்டினால் வேகம் கூடும்” என்று ஒரு கதை உலாவுகிறது. செய்யாதேங்கோ. வைஃபை 4 தொடக்கம் அது கட்டாயமான பகுதி. நிறுத்தினால் பல ரவுட்டர்கள் பழைய காலத்து 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

லேபிளை ஆரும் சோதிப்பதில்லை

ஒரு பொதி குரலா, ஃபோட்டோவா என்று அக்சஸ் பாயிண்டுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பொதியின் தலைப்பில் டிஎஸ்சிபி என்று ஒரு சின்ன லேபிள் இருக்கிறது. அனுப்புகிற ஆப் அதில் ஓர் எண்ணை ஒட்டும். குரலுக்கு வழக்கமான எண் 46.

இங்கே மூன்று ஓட்டைகள்.

ஒன்று, பல ஆப்கள் லேபிள் ஒட்டுவதே இல்லை. ஒட்டினாலும் வெளியே இருந்து வருகிற வழியில் இருக்கிற நெட்வேர்க்குகள் பல தடவை அதை அழித்துவிடும்.

இரண்டு, பழைய கணக்கு ஒன்று. 46ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. பல பெட்டிகள் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்தன. 101 என்றால் 5. வைஃபையில் 5 என்பது குரல் வரிசை இல்லை, வீடியோ வரிசை. ஆக, குரல் என்று சரியாகச் சொல்லி வந்த பொதியையே பிழையான வரிசையில் நிறுத்தின. 2018இல் ஆர்எஃப்சி 8325 என்ற ஆவணம் இதற்குச் சரியான மாற்றுப் பட்டியலைக் கொடுத்தது. எல்லாப் பெட்டியும் அதைப் பின்பற்றுகிறது என்றில்லை.

மூன்று, லேபிள் என்பது வெறும் வாய்ச்சொல். ஒரு கேம் தன் டவுன்லோடுக்கு 46 ஒட்டினால் அக்சஸ் பாயிண்ட் “நீ உண்மையாகக் குரல்தானா?” என்று கேட்காது. நம்பிவிடும்.

ஆகவே டபிள்யூஎம்எம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

உண்மையான வில்லன் அப்லோட்

வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கும்போது எல்லாரும் பார்ப்பது டவுன்லோட் எண். கேபிள் லைன்களில் அப்லோட் அதில் ஒரு சின்னப் பங்குதான். வீடியோ கோலுக்கோ இரண்டு பக்கமும் வேண்டும்.

சனிக்கிழமை காலை என்று வையுங்கோ. ரொறன்ரோவில் கோடைகாலம் காலை 9 மணி என்றால் ஊரில் பின்னேரம் 6:30. கோல் எடுக்க நல்ல நேரம். அதே நேரம், முதல்நாள் இரவு கலியாண வீட்டில் எடுத்த 400 ஃபோட்டோவையும் வீடியோவையும் ஆரோ ஒருவரின் ஃபோன் சத்தமில்லாமல் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்.

மோடம் என்ன செய்யும்? வாசலில் நெரிசல் என்றால் வருகிற எல்லாவற்றையும் வரிசையில் வைத்துக்கொள்ளும். ஒன்றையும் எறியாது. நல்ல குணம் மாதிரித் தெரியும். ஆனால் கணக்குப் பாருங்கோ: வரிசையில் 1 மெகாபைட் ஃபோட்டோ நிற்கிறது, அப்லோட் 10 மெகாபிட். 1 மெகாபைட் என்பது 8 மெகாபிட். அது வெளியேற 800 மில்லிசெக்கன். அதற்குப் பின்னால் வந்த அம்மாவின் குரல் பொதி முக்கால் செக்கனுக்கு மேல் அங்கேயே நிற்கும். 150இல் முடிய வேண்டிய பயணம் வீட்டு வாசலைத் தாண்ட முதலே தோற்றுவிட்டது. இது லைனின் வேகக் குறைபாடு இல்லை. வரிசையின் நீளம்.

இந்த நோய்க்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்துப் பரவலாகப் பேசவைத்தவர் ஜிம் கெட்டிஸ். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற மருந்தை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பொதி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கும். கனநேரம் என்றால் ஒன்றிரண்டை எறிந்து, அனுப்புகிறவருக்கு “மெதுவாக” என்று குறிப்புக் கொடுக்கும். அதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனி வரிசை கொடுத்து, முறைவைத்து விடுகிற வடிவம் எஃப்கியூ-கோடெல். 2018இல் அது ஆர்எஃப்சி 8290 ஆனது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், லேபிளே தேவையில்லை. நீ யார் என்று சொல்வதை நம்பாமல், நீ எப்படி நடக்கிறாய் என்று பார்க்கிறது. அடக்கமாகச் சின்னச் சின்னப் பொதியாக வருகிற கோல் உடனே போகும். மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிற ஃபோட்டோ தன் முறைக்குப் பொறுக்கும்.

சில ரவுட்டர்களில் இது எஸ்கியூஎம் என்ற பெயரில் இருக்கும். ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ என்ற இலவச மென்பொருளிலும் கிடைக்கும். அளந்த வேகத்தில் 85 முதல் 90 வீதத்தை அதில் கொடுங்கோ. அப்போதுதான் நெரிசல் மோடத்தில் இல்லாமல், புத்தியுள்ள ரவுட்டரில் உருவாகும். ஸ்பீட் டெஸ்ட் எண் கொஞ்சம் குறையும். “காசு குடுத்த ஸ்பீட் எங்க?” என்று அப்பா கேட்பார். கோல் எடுத்துக் காட்டுங்கோ.

இன்னொரு சின்னக் குற்றவாளியும் இருக்கிறது. வீட்டில் பெரியாக்களுக்கு நாங்கள் கொடுப்பது பெரும்பாலும் எங்கட பழைய டேப்லெட். அது வீட்டின் மறு மூலையில் 6 மெகாபிட்டில் கதைத்தால் 1,500 பைட் பொதி ஒன்றுக்கு 2 மில்லிசெக்கன் காற்றைப் பிடிக்கும். பக்கத்தில் 300 மெகாபிட்டில் கதைக்கிற ஃபோனுக்கு 0.04 போதும். ஒரு பொதிக்கு ஐம்பது மடங்கு காற்று. அந்த டேப்லெட்டை அக்சஸ் பாயிண்டுக்குக் கிட்ட வைத்தால், அல்லது பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால், எல்லாருக்கும் நன்மை. ரீவிக்குப் பின்னால் ஒளித்துவைப்பது யாருக்கும் நன்மை இல்லை.

அப்ப பிழை ஆரில? மூன்று நிமிடச் சோதனை

வழக்கமாகக் கோல் எடுக்கிற இடத்தில் லப்டொப்போடு இருங்கோ, வைஃபையில். இரண்டு ஜன்னல் திறந்து ‘பிங்’ கட்டளையைத் தொடர்ந்து ஓடவிடுங்கோ. ஒன்று உங்கள் ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. மற்றது வெளியே, 8.8.8.8.

ஒரு நிமிடம் சும்மா பாருங்கோ. பிறகு இன்னொரு ஃபோனில் ஒரு பெரிய வீடியோவை அப்லோட் பண்ணத் தொடங்கிவிட்டு மறுபடி பாருங்கோ.

ரவுட்டருக்கான எண்ணே துள்ளினால் பிரச்சினை காற்றில்: தூரம், சுவர், பக்கத்து வீட்டுச் சானல். ரவுட்டர் எண் நிதானமாக இருக்க, அப்லோட் தொடங்கியதும் வெளி எண் 20இல் இருந்து 400, 500க்குப் பாய்ந்தால் அது பஃபர்புளோட். இரண்டும் நிதானமாக இருந்தும் கோல் உடைகிறதா? இப்போது தாராளமாகச் சொல்லலாம், ஊரில் நெட் சரியில்லை என்று.

உள்ளே ஆர் இருக்கினம்?

முன்னுரிமை எல்லாம் சரி. ஆனால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால் வரிசைக்கு என்ன அர்த்தம்? இரண்டாவது முடிவுக்கு வருவோம்.

வைஃபையின் முதல் பூட்டு, 1997இல் வந்த டபிள்யூஈபி. 2001இலேயே உடைந்துவிட்டது. 2003இல் அவசரத்துக்கு டபிள்யூபிஏ, 2004இல் ஒழுங்கான டபிள்யூபிஏ2. 2017இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் இருந்த மேத்தி வான்ஹூஃப் ‘கிராக்’ என்ற தாக்குதலைக் காட்டினார். பாஸ்வேர்ட் தெரியாமலே டபிள்யூபிஏ2வின் கைகுலுக்கலைக் குழப்பலாம் என்று நிரூபித்தார். அப்டேட் வந்த கருவிகள் தப்பின. அப்டேட் வராத பழைய டேப்லெட்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது.

டபிள்யூபிஏ2வின் பெரிய பலவீனம் ஊகிப்பது. உங்கள் ஃபோன் இணைகிற அந்த ஒரு நொடிப் பரிமாற்றத்தை வெளியே காரில் இருந்து ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு வீட்டுக்குப் போய், ஆறுதலாக, தன் கம்பியூட்டரில் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் ரவுட்டருக்கு ஒன்றுமே தெரியாது.

எங்கட வீடுகளில் பாஸ்வேர்ட் என்ன? பல இடங்களில் வீட்டு ஃபோன் நம்பர். கனடாவில் 10 இலக்கம், பெரிய எண் மாதிரித் தெரியும். ஆனால் முதல் மூன்றும் ஏரியா கோட்: 416, 647, 905. மிச்சம் 7 இலக்கம், அதாவது ஒரு கோடி. இன்றைய உயர்ரகக் கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று செக்கனுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஊகிக்கும். ஒரு ஏரியா கோட் முழுவதும் முடியப் பத்துச் செக்கன். தேத்தண்ணி ஊத்தி முடிய முதல் வேலை முடிந்துவிடும்.

டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைக்கிறது. ஒவ்வொரு ஊகத்துக்கும் உங்கள் ரவுட்டரோடு நேரடியாகக் கதைக்க வேண்டும், பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் ஊகிக்க முடியாது. நாளைக்குப் பாஸ்வேர்ட் தெரியவந்தாலும் நேற்றுப் பதிவுசெய்த தரவைத் திறக்க முடியாது. இன்னொரு நன்மை: ஒருவரை வைஃபையில் இருந்து தள்ளிவிடுகிற பொய்ச் செய்திகளை அது ஏற்காது. பழைய முறையில் யாரும் ரவுட்டர் மாதிரி நடித்து “வெளியே போ” என்று உங்கள் ஃபோனுக்குச் சொல்லலாம். வாசலில் இருக்கிற வைஃபை கமெராவுக்கும் சொல்லலாம்.

பழைய கருவிகள் இருந்தால் இரண்டும் கலந்த முறையை வைக்கலாம். ஆனால் அப்போது பழைய கருவி வழியாக ஊகிக்கிற ஓட்டை இன்னும் திறந்தே இருக்கும். பாஸ்வேர்ட் நீளமாக இருக்கத்தான் வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொல்லைச் சேர்த்து வையுங்கோ. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் நல்லதுதான்.

டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும். 8 இலக்கப் பின் நம்பரால் இணைப்பது. 8 இலக்கம் என்றால் பத்துக் கோடி என்று நினைப்பீர்கள். ஆனால் பெட்டி அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். 10,000 கூட்டல் 1,000, ஆக 11,000 முயற்சி போதும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபொக் இதை வெளியிட்டார். அதை நிறுத்திவிடுங்கோ.

பூட்டுக்கும் வேகத்துக்கும் கூடச் சம்பந்தம் இருக்கிறது. ஏதோ ஒரு பழைய பிரிண்டருக்காக டபிள்யூஈபி அல்லது டிகேஐபி என்ற பழைய பூட்டைத் தெரிவுசெய்தால், அங்கேயும் வேகம் 54 மெகாபிட்டுக்கு விழும். பழைய பூட்டோடு புதிய வேகத்தைத் தரமே அனுமதிப்பதில்லை.

பேஸ்மென்ட்டில் இருக்கிறவையும் மனுசர்தான்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் இருக்கிறவைக்கு இது தெரிந்த ஒழுங்கு. மேல்வீட்டில் குடும்பம், பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஆக்கள். ஒரே லைன், ஒரே ரவுட்டர், ஒரே பாஸ்வேர்ட். போன வருசப் பிறந்தநாளுக்கு வந்த அத்தனை பேரின் ஃபோனிலும் அதே பாஸ்வேர்ட்.

ஒரே நெட்வேர்க் என்றால் எல்லாரும் ஒரே அறைக்குள் இருக்கிற மாதிரி. கீழ்வீட்டு லப்டொப்பில் ஒரு வைரஸ் வந்தால் மேல்வீட்டுக் கமெராவையும் பிரிண்டரையும் தட்டிப் பார்க்கும். மற்றப் பக்கமும் உண்மை. டபிள்யூபிஏ2வில் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், மற்றவரின் கருவி இணையும்போது பதிவுசெய்தால் அவரின் வைஃபை மறைகுறியை அவிழ்க்கலாம். இன்று பெரும்பாலான தளங்கள் தனியாகவும் பூட்டுப் போடுவதால் உள்ளடக்கம் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது பல நேரம் தெரியும். வாடகை கொடுக்கிற மாணவருக்கும் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது.

தீர்வு ஏற்கெனவே உங்கள் பெட்டியில் இருக்கிறது: கெஸ்ட் நெட்வேர்க். அதே லைன், வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட், நடுவில் சுவர். கெஸ்ட் பக்கத்தில் இருந்து மேல்வீட்டுப் பிரிண்டரும் ரீவிக்கு வீடியோ அனுப்புவதும் வேலை செய்யாது. அதை முதலே சொல்லிவிடுங்கோ. விருந்தினருக்கும், கமெரா, பல்ப் மாதிரியான மலிவான ஸ்மார்ட் பொருட்களுக்கும் அதுதான் சரியான இடம்.

கடைசியாக, பெட்டியின் சொந்தப் பாஸ்வேர்ட். வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, செட்டிங்குக்குள் போகிற பாஸ்வேர்ட். 2018இல் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களுக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கும் புகுந்தது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்ட் போட்டு விற்பது சட்டப்படி தடை. எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் கொடுப்போம் என்பதையும் தயாரிப்பவர் சொல்ல வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வாங்க முதல் அந்தத் திகதியைத் தேடிப் பாருங்கோ. அப்டேட் நின்ற பெட்டி, மாற்ற வேண்டிய பெட்டி.

சாவி உங்கட கையில எண்டால்

அநேகமான வீடுகளில் இந்த வேலை எங்கள் தலையில்தான் விழும். அட்மின் பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் போனால் எந்த ஃபோன் எத்தனை மணிக்கு இணைந்தது, சில பெட்டிகளில் எந்தத் தளத்துக்குப் போனது என்பது வரை தெரியும்.

அம்மா இரவு இரண்டு மணிக்கு எதைப் பார்க்கிறா என்று தெரிந்துகொள்வது எங்கட வேலை இல்லை. தம்பியின் கேமைச் சொல்லாமல் கொள்ளாமல் பின்னுக்குத் தள்ளுவதும் இல்லை. எங்கள் ஃபோனைத் துருவிப் பார்க்கக் கூடாது என்று 16 வயதில் சண்டை பிடித்தவர்கள் நாங்கள். அதே நியாயம் மற்றப் பக்கமும் வேண்டும். தளப் பதிவை நிறுத்தி வையுங்கோ. முன்னுரிமை யாருக்கு என்பதை எல்லாரும் இருக்கும்போது கதைத்து முடிவெடுங்கோ. சாவியை ஒரு தாளில் எழுதி வீட்டில் இன்னொருவருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கோ. நீங்கள் படிக்க வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த வீட்டுக்குக் கோல் தேவை.

அரை மணித்தியாலப் பட்டியல்

1. பிங் சோதனை. பிழை எங்கே என்று முதலில் பாருங்கோ.
2. பெட்டியை வீட்டின் நடுவுக்கு, உயரத்துக்கு, திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கோ.
3. டபிள்யூஎம்எம் ஓனில் இருக்கட்டும்.
4. எஸ்கியூஎம் இருந்தால் 85 முதல் 90 வீதத்தில் வையுங்கோ. இல்லாவிட்டால் ஃபோட்டோ பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கோ.
5. டபிள்யூபிஏ3, முடியாவிட்டால் கலந்த முறை. நீளமான புது பாஸ்வேர்ட். ஃபோன் நம்பர் வேண்டாம்.
6. டபிள்யூபிஎஸ் நிறுத்தம்.
7. கெஸ்ட் நெட்வேர்க்: பேஸ்மென்ட், விருந்தினர், ஸ்மார்ட் பொருட்கள்.
8. அட்மின் பாஸ்வேர்ட் மாற்றம், தானியங்கி அப்டேட் ஓன்.

பாஸ்வேர்டை மாற்றினால் அன்று முழுக்க “நெட் வேலை செய்யேல்ல” என்று சத்தம் கேட்கும். சனிக்கிழமை ஊருக்குக் கோல் எடுக்கிற நேரத்தில் தொடங்காதேங்கோ. கோல் முடியட்டும், பிறகு.

உங்கள் வீட்டுப் பிங் எண்களை, அப்லோட்டுக்கு முன், அப்லோட்டின்போது என்று இரண்டையும் இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கோ. எந்த ஊர், எந்த மாதிரி லைன் என்றும் சொல்லுங்கோ. அடுத்த பதிவில் சிலவற்றை எடுத்துக் கதைப்போம்.

சந்திப்பம்!